அண்ணனைத் தாண்டிய பட்டம்: ‘காட்ஃபாதர்’ முதல் பாகமும் இரண்டாம் பாகமும்

மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலும் வேலூர் மண்டித் தெருவின் மொத்த வியாபாரமும் பெரும்பாலும் குடும்பங்களுக்குள்ளேயே வளர்ந்தவை. தாத்தா தொடங்கினார், அப்பா பெருக்கினார், பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்ற கதையைப் பெயர்ப்பலகைகளை வரிசையாகப் பார்த்தே சொல்லிவிடலாம். மாவட்டமும் சளைத்ததில்லை: 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது.

அதனால்தானோ என்னவோ, நியூயார்க் மாஃபியாக் குடும்பம் ஒன்றின் கதையான ‘காட்ஃபாதர்’ பற்றி இந்தப் பக்கத்தில் பேச்சு எழுந்தால் அது சீக்கிரமே, தம்பி மைக்கேலிடம் பட்டத்தை இழந்த அண்ணன் ஃபிரெடோவிடம் வந்து நின்றுவிடுகிறது. உலகம் முழுவதும் சினிமா ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாக அலசும் கேள்வி வேறு: முதல் பாகம் சிறந்ததா, இரண்டாம் பாகம் சிறந்ததா? எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை. முதல் பாகம், வாரிசு யார் என்ற கதை. இரண்டாம் பாகம், அந்த வாரிசுக்கு உண்மையில் வந்து சேர்ந்த சொத்து என்ன என்ற கதை. அப்பன் சேர்த்து வைத்திருந்த ஒன்று மகன் கைக்கு வரவே இல்லை. அது என்ன என்பதைத்தான் மூன்று மணி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டு இரண்டாம் பாகம் விளக்குகிறது.

முதலில் பின்னணி. மரியோ பூசோவின் நாவல் 1969இல் வந்தது. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய முதல் படம் 1972 மார்ச்சில் வெளியானது. சுமார் 60 லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் அன்றைய வசூல் சாதனைகளை முறியடித்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. படப்பிடிப்பின்போது எந்த நாளில் வேலை போகுமோ என்ற பயத்திலேயே இருந்த கொப்போலாவுக்கு இரண்டாம் பாகத்தை இயக்க விருப்பமில்லை. இளைஞரான மார்ட்டின் ஸ்கார்செஸியிடம் கொடுக்கச் சொன்னார். பாரமவுண்ட் நிறுவனம் மறுத்தது. கடைசியில் தமக்கு முழுச் சுதந்திரம் வேண்டும், படத்தின் பெயரிலேயே ‘இரண்டாம் பாகம்’ என்று இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். பெயர் விஷயத்தில் நிறுவனம் தயங்கியது. ஏற்கெனவே பார்த்த படத்தின் பின்பாதி என்று மக்கள் நினைத்துவிடுவார்களாம். இன்று எந்தப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்தாலும் ‘2’ என்று இருக்கிற காலத்தில் அந்தத் தயக்கம் சிரிப்பூட்டுகிறது. 1974 டிசம்பரில், சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் இரண்டாம் பாகம் வந்தது.

கதைக்குச் சரக்கு இரண்டு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பா விட்டோ கார்லியோனியின் இளமைக் காலம் பூசோவின் நாவலிலேயே இருந்தது. முதல் படத்தில் இடமில்லாமல் விடப்பட்ட பகுதி அது. மகன் மைக்கேலின் 1958, 1959ஆம் ஆண்டுக் கதை படத்துக்காகப் புதிதாக எழுதப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல், ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னியது கொப்போலாவின் துணிச்சல். பிழையான முடிவாகவும் போயிருக்கலாம். முன்னோட்டக் காட்சிகளில் பார்த்தவர்கள் காலம் மாறி மாறித் தாவுவதில் குழம்பிப்போனார்கள். அதன் பிறகுதான் தாவல்களைக் குறைத்து, ஒவ்வொரு பகுதியையும் நீளமாக ஓடவிட்டு மறுபடி வெட்டி ஒட்டினார்கள்.

இரண்டு படங்களும் வீட்டு விசேஷத்தில்தான் தொடங்குகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த விசேஷங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1945இல் விட்டோவின் மகள் கான்னிக்குக் கல்யாணம். வெளியே பாட்டு, கூத்து, சாப்பாடு, குழந்தைகள் ஓட்டம். உள்ளே இருட்டு அறையில் விட்டோ அமர்ந்திருக்கிறார். மகள் கல்யாண நாளில் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது சிசிலிக்காரர் வழக்கம். பிணக் காரியம் செய்யும் போனசேரா வந்து மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்கிறார், பணம் எவ்வளவு என்றும் கேட்கிறார். விட்டோவுக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். காசு பேசினால் அது கூலி. காசு பேசாமல் கையை முத்தமிட்டுவிட்டுப் போனால், என்றைக்காவது திருப்பிக் கேட்கக்கூடிய கடன். விட்டோவின் பெட்டகத்தில் இருப்பது முழுக்க அந்த இரண்டாவது வகை.

பதின்மூன்று ஆண்டு கழித்து நெவாடாவில், டாஹோ ஏரிக்கரை மாளிகையில், மைக்கேலின் மகன் ஆன்டனியின் முதல் நற்கருணை விழா. வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் நியூயார்க்கிலிருந்து வந்த பழைய ஆள் பென்டஞ்சலி டாரன்டெல்லா என்ற இத்தாலிய நடன மெட்டை வாசிக்கச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த மெட்டு, குழந்தைகள் பாடும் ஆங்கிலப் பாட்டாகப் போய் முடிகிறது. செனட்டர் கியரி மேடையில் நன்கொடைக்கு நன்றி சொல்லும்போது குடும்பப் பெயரையே தப்பாக உச்சரிக்கிறார். பிறகு அதே போன்ற இருட்டு அறைக்குள் வந்து, சூதாட்ட உரிமத்துக்கு இரண்டரை லட்சம் டாலரும் மாதா மாதம் வரும்படியில் பங்கும் கேட்கிறார். அந்த வம்சத்தையே அருவருப்பதாக முகத்துக்கு நேரே சொல்கிறார். அப்பன் அறைக்குள் வந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். மகன் அறைக்குள் வருகிறவன் பிடுங்க வருகிறான். ஒரே மாதிரியான அறை, ஒரே மாதிரியான வெளிச்சம், நடக்கும் காரியம் நேர்மாறு. இரண்டாம் பாகம் முதல் பாகத்தைத் திரும்பச் செய்கிறது என்று குறை சொன்னவர்கள் இந்த மாதிரி இடங்களைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

குறை சொன்னவர்கள் சாதாரண ஆட்களில்லை. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கான்பி, மிச்சம் மீதியை ஒட்டுப்போட்டுத் தைத்த படம் என்ற பொருள்பட எழுதினார். வசூலும் முதல் படத்தில் பாதிகூட இல்லை. ஆனால் 1975 ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்கம் உட்பட ஆறு விருதுகள் வந்தன. தொடர்ச்சிப் படம் ஒன்று சிறந்த படமாகத் தேர்வானது அதுதான் முதல்முறை. விட்டோவாக முதலில் நடித்த மார்லன் பிராண்டோவுக்கும் இளைய விட்டோவாக நடித்த ராபர்ட் டி நீரோவுக்கும் ஒரே பாத்திரத்துக்காக ஆளுக்கொரு ஆஸ்கர் கிடைத்தது. மைக்கேலாக இரண்டு படத்தையும் தாங்கி நின்ற அல் பசீனோவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒளிப்பதிவு செய்து, முகங்களைப் பாதி இருட்டில் விட்டுப் பிற்காலச் சினிமாவின் கண்ணையே மாற்றிய கார்டன் வில்லிஸை இரண்டு தடவையும் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. விருதுக் கணக்கை இதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இனி அப்பன் கதை. 1901, சிசிலியில் கார்லியோனி என்ற ஊர். ஒன்பது வயதுச் சிறுவன் விட்டோவின் அப்பாவை ஊர்ப் பெரிய மனிதர் டான் சிச்சோ கொல்கிறார். பழிவாங்கப் போன அண்ணனும் சாகிறான். மன்றாடிய அம்மாவும் மகன் கண்முன்னே சுடப்படுகிறாள். சிறுவனைக் கழுதையின் மேல் தொங்கும் கூடையில் ஒளித்து ஊரைவிட்டுக் கடத்துகிறார்கள்.

வேலூர்க் கோட்டையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் புதிதாக இருக்காது. 1614 அக்டோபரில் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர் இறந்தார். அப்போது தலைநகரம் வேலூர். சாவதற்கு முன் தம் சகோதரன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கி மோதிரத்தைக் கொடுத்தபோது, அதை வாங்க மனமில்லாமல் ஸ்ரீரங்கன் அழுதார் என்று போர்த்துகீசியப் பாதிரியார் பர்ராதாஸ் 1616இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் சொல்கிறது. அழுததற்குக் காரணம் இருந்தது. ராணியின் உடன்பிறந்தானான ஜக்கராயன் வேறொரு பிள்ளையை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் சிறைவைத்துக் கொன்றான். இரண்டாவது மகன் ராமதேவனை மட்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, அரண்மனைத் துணி வெளுப்பவர் ஒருவரின் துணையோடு, ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற தளபதி யாச்சம நாயக்கர் வெளியே கொண்டுவந்துவிட்டார். பிறகு தோப்பூரில் நடந்த பெரும்போரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் ஒரு பக்கம், மதுரை நாயக்கர் மறு பக்கம். ஜக்கராயன் அங்கே மடிந்தான். பழி தீர்ந்தது, பிள்ளைக்குப் பட்டமும் கிடைத்தது. கிடைத்த ராஜ்யம்தான் பழைய ராஜ்யமாக இல்லை. நாயக்கர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூடையில் தப்பிய விட்டோவும் வளர்ந்து, மனைவி மக்களோடு ஊருக்குத் திரும்பி, காது மந்தமாகிச் சாய்ந்து கிடக்கும் கிழட்டு டான் சிச்சோவின் வயிற்றைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போகிறார். பார்க்கும் நமக்கு ஒரு கணம் திருப்தியாகத்தான் இருக்கிறது. அந்தத் திருப்தியை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் படம் அடுத்த காரியத்தைச் செய்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நியூயார்க்கில் விட்டோ பெரிய மனிதரான விதம் இரண்டாம் பாகத்தின் செழிப்பான பகுதி. பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், என்ன விலை என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். விட்டோவின் அதிகாரம் அந்தத் துண்டுக்கு அடியில் நடக்கும் பேச்சு. கொலம்போ என்ற விதவையை வீட்டுக்காரன் ரோபர்ட்டோ காலி செய்யச் சொல்கிறான். நாய் வளர்க்கிறாள் என்பது புகார், வேறு ஆளிடம் ஐந்து டாலர் கூடுதல் வாடகை கிடைக்கும் என்பது காரணம். விட்டோ தெருவில் அவனை மரியாதையாக நிறுத்திப் பேசுகிறார், ஆறு மாத உயர்வை முன்பணமாகக் கையில் திணிக்கிறார், நாயும் இருக்கட்டும் என்கிறார், அக்கம் பக்கத்தில் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மிரட்டல் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த காட்சியில் ரோபர்ட்டோ கடைக்கு வந்து நிற்கிறான். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறான். வாடகை பழையபடியே இருக்கட்டும் என்கிறான், ஐந்து டாலர் குறைக்கிறேன் என்கிறான், விட்டோ பேசாமல் இருக்க இருக்க அது பத்து டாலர் ஆகிறது. போகும் அவசரத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறுகிறான். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை வாடகை பேசிப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள். டி நீரோ இந்தப் பாத்திரத்தில் பேசுவது ஏறக்குறைய முழுக்க சிசிலி மொழி, அதற்காகக் கற்றுக்கொண்டார். பிராண்டோவைக் காப்பியடிக்காமல், பிராண்டோ பிற்காலத்தில் எப்படி ஆனார் என்பதற்கு விதை போட்டதுபோல நடித்தார்.

அப்பன் நல்லவன், மகன் கெட்டவன் என்று இரண்டாம் பாகம் சொல்வதாக ஒரு வாசிப்பு நெடுநாளாக உலவுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தெருவில் சான் ரோக்கோ திருவிழா ஊர்வலம் போகும்போது, விட்டோ மொட்டை மாடி வழியாகவே நடந்து போய், தெருவை மிரட்டி வசூலிக்கும் ஃபனூச்சியை அவன் வீட்டு வாசலிலேயே சுடுகிறார். சத்தம் கேட்காமல் இருக்கத் துப்பாக்கியைத் துணியால் சுற்றியிருக்கிறார். அது தீப்பற்றி எரிகிறது. பிறகு நிதானமாக வீடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் எடுத்துக் கொஞ்சுகிறார். அப்பாவுக்கு உன்மேல் எவ்வளவு பாசம் தெரியுமா என்கிறார். அந்தக் குழந்தை மைக்கேல். கழுவாத கையோடு தூக்கிய பிள்ளை. அந்தக் காட்சியை அமைத்த இயக்குநர் அப்பனுக்கு நற்சான்றிதழ் எழுதியிருப்பதாக எப்படி எடுத்துக்கொள்வது?

முதல் படத்தை நாம் ரசித்ததில் ஒரு பங்கு இப்படி மறைக்கப்பட்டவற்றால் வந்தது. அந்தப் படத்தில் கேமரா பெரும்பாலும் குடும்பத்தின் வேலிக்குள்ளேயே நிற்கிறது. சூதாட்டத்தில் வீட்டை இழந்தவன், மிரட்டப்பட்ட கடைக்காரன் என்று ஒருவரும் கண்ணில் படுவதில்லை. சாகிறவர்களில் பெரும்பாலோர் அதே தொழிலில் இருப்பவர்கள். அதனால் மைக்கேல் மற்ற நான்கு மாஃபியாக் குடும்பத் தலைவர்களையும் ஒரே நாளில் தீர்க்கும்போது பார்ப்பவர் மனம் அவன் பக்கம் நிற்கிறது. அதுவும் எந்த நாளில்? தங்கை கான்னியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில். நம் வழக்கில் சொன்னால் மைக்கேல் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். காது குத்தும்போது மடி கொடுக்க வேண்டிய முறைக்காரன், அன்று சாயங்காலமே பிள்ளையின் அப்பனைக் கொல்ல ஆள் விடுகிறான். கான்னியின் கணவன் கார்லோ துரோகம் செய்தவன்தான், மைக்கேலின் மூத்த அண்ணன் சன்னியைக் காட்டிக்கொடுத்தவன்தான். இருந்தாலும் தமிழ் வீடுகளில் இந்தக் கட்டத்தைப் பார்க்கும் பெண்கள் முகம் சுளிப்பது சட்டத்துக்காக அல்ல, முறைக்காக.

முதல் படத்தின் கடைசியில் மனைவி கேயின் முகத்துக்கு நேரே அறைக்கதவு சாத்தப்படுகிறது. நாம் கேயோடு சேர்ந்து வெளியே நிற்கிறோம், ஆனால் படம் முடிந்துவிட்டதால் அது உறைப்பதில்லை. இரண்டாம் பாகம் முழுக்க அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட்ட படம். ஐந்து ஆண்டுகளில் குடும்பத் தொழில் முழுக்கச் சட்டபூர்வமானதாகிவிடும் என்று முதல் பாகத்தில் கொடுத்த வாக்கை கே இங்கே நினைவுபடுத்துகிறாள். ஏழு ஆண்டு ஆகிவிட்டது என்கிறாள். பிறகு வயிற்றுப் பிள்ளை கலைந்தது தானாக அல்ல, தான் கலைத்தது என்று அவள் சொல்லும் இடம் வருகிறது. வாரிசுக்காகவே நடத்தப்படும் வீட்டில் அதைவிடப் பெரிய அடி வேறு கிடையாது. கேயின் பாத்திரத்துக்குப் படம் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் மனத்தாங்கல். அந்த ஒரு காட்சிக்கு வெளியே அவள் பெரும்பாலும் காத்திருப்பவளாகவே இருக்கிறாள்.

ஹவானா பகுதி. கியூபாவில் சர்வாதிகாரி பாட்டிஸ்டாவின் ஆட்சியில் சூதாட்ட விடுதிகள் நடத்த ஹைமன் ராத் கூட்டாளி சேர்க்கிறான். இந்த ராத், மேயர் லான்ஸ்கி என்ற உண்மையான சூதாட்டப் புள்ளியை வைத்து வார்க்கப்பட்டவன். நடித்தவர் லீ ஸ்ட்ராஸ்பெர்க், பசீனோவுக்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். ராத்தின் பிறந்தநாள் கேக்கில் கியூபா வரைபடம் போட்டிருக்கிறது. அதை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தபடி, யாருக்கு எந்த விடுதி என்று பேசுகிறார்கள். நாட்டையே பாகம் பிரிப்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் படமாக்கியதாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் மைக்கேல் தான் பார்த்த ஒன்றைச் சொல்கிறான்: கலகக்காரன் ஒருவன் பிடிபடுவதற்குப் பதிலாகத் தன்னோடு சேர்த்துப் போலீஸ் அதிகாரியையும் குண்டுவைத்து அழித்துக்கொண்டான். சிப்பாய்க்குச் சம்பளம் உண்டு, கலகக்காரனுக்கு இல்லை. ஆகவே அவர்கள் ஜெயிக்கலாம் என்கிறான். 1958 டிசம்பர் 31 நள்ளிரவைத் தாண்டியதும் பாட்டிஸ்டா ஓடியது வரலாறு.

மைக்கேலின் கணிப்பு சரி. அவன் கணிக்காதது தன் வீட்டைப் பற்றி. காசு வாங்காமல் உயிரைக் கொடுக்கும் ஆட்கள் ஒரு காலத்தில் அவன் அப்பாவைச் சுற்றியும் இருந்தார்கள். மைக்கேலைச் சுற்றி இருப்பவர்கள் சம்பளக்காரர்கள், வழக்கறிஞர்கள், பயந்தவர்கள். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்தில் அவனுக்கு வந்து சேராதது அந்த ஒன்றுதான்.

அந்தப் புத்தாண்டு இரவில்தான் அண்ணன் ஃபிரெடோ காட்டிக்கொடுத்தவன் என்று மைக்கேலுக்குத் தெரிய வருகிறது. ராத்தின் ஆளைத் தெரியவே தெரியாது என்று சாதித்தவன், குடிபோதையில் தானே உளறிவிடுகிறான். ஃபிரெடோ முதல் பாகத்தில் எதிரிகள் அப்பாவைச் சுடும்போது தன் துப்பாக்கியை நழுவவிட்டு, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதவன். அப்போது அவனை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பாகத்தில் ஜான் கசால் அந்த மனிதனுக்குள்ளே இருந்த எரிச்சல் முழுவதையும் ஒரு சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கொட்டுகிறார்: நான் உன் அண்ணன், என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்பா விருப்பம் அது என்கிறான் மைக்கேல். என் விருப்பம் அது இல்லை என்கிறான் ஃபிரெடோ.

தம்பி அரசாள்வான் என்று நிமித்திகன் சொன்ன ஒரே காரணத்துக்காக, அண்ணன் மனம் நோகக் கூடாது என்று துறவு பூண்ட இளங்கோவைப் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். பரதன் பாதுகையைச் சுமந்ததும் நமக்குப் பழகிய கதை. அந்தக் கதைகளில் இளையவன் விலகிக்கொள்வதால்தான் வீடு நிலைக்கிறது. மைக்கேல் விலகவில்லை, விலகும் வாய்ப்பை அவனுக்கு அப்பனும் விட்டுவைக்கவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை அண்ணனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அடியாளிடம் சொல்லி வைக்கிறான். அம்மாவின் சாவு வீட்டில் ஃபிரெடோவைக் கட்டித் தழுவுகிறான். தோளுக்கு மேலாக அடியாளைப் பார்க்கிறான். பிறகு ஏரியில் தூண்டில் போட்டபடி ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஃபிரெடோ சுடப்படுகிறான்.

இதே படத்தில் இன்னொரு அண்ணன் தம்பிக் கதை ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. பென்டஞ்சலி செனட் குழுவின் முன் மைக்கேலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். அமெரிக்காவில் கீஃபாவர் குழு 1950, 1951இல் நடத்திய விசாரணையும், 1963இல் ஜோ வலாச்சி செனட் குழுவிடம் சொன்ன சாட்சியமும் இந்தக் காட்சிக்குப் பின்னால் இருக்கின்றன. மைக்கேல் சிசிலியிலிருந்து பென்டஞ்சலியின் அண்ணனை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைக்கிறான். அந்தக் கிழவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்த மாத்திரத்தில் பென்டஞ்சலி எழுதிக் கொடுத்ததையெல்லாம் மறுத்துவிடுகிறார். உடன்பிறப்பு என்ற கட்டுக்கு எவ்வளவு பலம் என்பது மைக்கேலுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவன் குடும்பத்தில் அதை ஆயுதமாக எடுக்கத் தெரிந்தவன், தன் குடும்பத்தில் அதை அறுத்தெறிகிறான்.

இந்தப் பென்டஞ்சலி பிறந்ததே ஒரு விபத்தால். முதல் பாகத்தில் குண்டான கிளமென்சாவாக நடித்த ரிச்சர்ட் கஸ்டெல்லானோவோடு உடன்பாடு ஏற்படவில்லை. பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, அந்த இடத்தில் புது ஆளை எழுதினார்கள். கிளமென்சாவாக இருந்திருந்தால் காட்டிக்கொடுப்பு இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பென்டஞ்சலியாக நடித்த மைக்கேல் காஸோவின் கரகரத்த குரலைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விடும்.

இரண்டாவது விபத்து இன்னும் பெரியது. கடைசிப் பகுதியில் 1941 டிசம்பர் 7, அதாவது பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட நாள், அப்பாவின் பிறந்தநாளுக்கு எல்லாரும் மேசையைச் சுற்றிக் காத்திருக்கிறார்கள். பிராண்டோ அந்த ஒரு காட்சிக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. வராத மனிதரை அடுத்த அறையில் இருப்பதாக வைத்து ஒரே இரவில் எழுதி மாற்றினார்கள். எல்லாரும் வாழ்த்துச் சொல்ல உள்ளே ஓடிவிட, மைக்கேல் மட்டும் மேசையில் தனியே மிஞ்சுகிறான். அதற்குச் சற்று முன்புதான் தான் மரைன் படையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். சன்னி அடிக்கப் பாய்கிறான். எழுந்து வந்து கைகுலுக்கி வாழ்த்துகிற ஒரே ஆள் ஃபிரெடோ. அடுத்து, பழிதீர்த்துவிட்டு ரயிலில் ஊரைவிட்டுக் கிளம்பும் விட்டோ, குழந்தை மைக்கேலின் கையைப் பிடித்து ஜன்னல் வழியே டாட்டா காட்டவைக்கிறார். டான் சிச்சோ கொல்லப்பட்டபோது நாம் அடைந்த திருப்தியைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்கான பில் இங்கேதான் வருகிறது. அந்தக் கை அசைந்து முடிந்ததும் முதிர்ந்த மைக்கேலின் முகம்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனையே நடந்துவிட்டது. 1977இல் தொலைக்காட்சிக்காக இரண்டு படங்களையும் வெட்டி, கூடுதல் காட்சிகள் சேர்த்து, ஆண்டு வாரியாக அடுக்கி ஒளிபரப்பினார்கள். கதை புரிவது எளிதாகிறது. ஆனால் அப்பன் செய்ததும் மகன் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது உண்டாகும் உரசல் காணாமல் போய்விடுகிறது. தமிழில் 1987இல் வந்த ‘நாயகன்’ இதே மாதிரியான வாழ்க்கையை நேர்கோட்டில் ஒரே படத்துக்குள் அடக்கியது. அங்கே விசாரணை செய்யும் வேலையை மகளுக்கும் பேரனுக்கும் கொடுத்தார்கள். கொப்போலா அந்த வேலையைப் படத்தொகுப்பிடமே ஒப்படைத்தார்.

மூன்றாம் பாகம் 1990இல் வந்தது, 2020இல் கொப்போலாவே அதை வெட்டித் திருத்தி மறுபடி வெளியிட்டார். மன்னிப்புத் தேடும் கிழட்டு மைக்கேலைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்; எனக்கு அவன் 1959லேயே முடிந்துவிட்டான்.

முதல்முறை பார்ப்பவர்களைத் தடுக்கிவிடும் முடிச்சு ஒன்றை மட்டும் அவிழ்த்துவிடுகிறேன். டாஹோ படுக்கையறையில் மைக்கேலைச் சுட ஆள் அனுப்பியது ராத். உள்ளிருந்து, தெரிந்தோ தெரியாமலோ, உதவியவன் ஃபிரெடோ. மதுக்கடையில் பென்டஞ்சலியின் கழுத்தில் சுருக்குப் போடுகிறவர்கள் ராத்தின் பக்கத்து ரொசாட்டோ சகோதரர்கள். நெரிக்கும்போது மைக்கேல் வணக்கம் சொல்லச் சொன்னதாக ஒரு குரல் வருகிறது. உயிர் தப்பிய பென்டஞ்சலி, தன்னைக் கொல்லச் சொன்னவன் மைக்கேல்தான் என்று நம்பிச் சாட்சியாக மாறுவது அந்த ஒரு வரியால். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஹவானா பகுதி சிக்கலில்லாமல் ஓடும். படுக்கையறைத் திரைச்சீலையைத் திறந்து வைத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்; படம் கடைசிவரை சொல்வதில்லை.